தலைவர் தோளில் மாமனார் கட்சித் துண்டு

அரசியலில் ஆர்வக்கோளாறு என்று ஒரு வியாதி உண்டு. எனக்கு அது முற்றி, மாமனார் வீடு வரைக்கும் பரவிவிட்டது.

எங்கள் கட்சியில் பழைய தலைவரை மாற்றிப் புதியவர் வந்திருந்த நேரம். பாதிப் பேர் அவரை ஏற்கவே இல்லை. அவரோ திண்டிவனம் கூட்டத்தில், "நமக்கு நாமே கைதட்டினது போதும். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் படி ஏறுங்கள்" என்றார். வார்டு செயலாளரான நான் உடனே எழுந்தேன்.

"விழுப்புரத்துல எங்க மாமனார் அந்தக் கட்சிக் கிளைச் செயலாளருங்க. அவர் பேச்சைத் தெருவே கேக்கும். நீங்க வந்தா தெருவையே திருப்பிடலாம்."

(மாமனார் என் பேச்சைக் கேட்பாரா என்று நான் யோசிக்கவில்லை.)

போன் செய்தேன். "டீ சாப்பிட வரட்டும் மாப்ள. ஓட்டு கீட்டுன்னு பேசக் கூடாது" என்றார். நான் கட்சியில் போய்ச் சொன்னது, "மாமா ரெடி."

தலைவர் வந்தார். கூட வந்த கார்களில் பாதி, இவர் எப்போது சறுக்குவார் என்று காத்திருந்தவர்களுடையது. வாசலில் மாமனார் கட்சி ஆட்கள் கைகட்டி முறைத்தபடி நின்றார்கள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து, என் மனைவி செல்வியிடம், "உள்ள புதுத் துண்டு இருந்தா ஜல்தியா எடுத்துக்கினு வா" என்றேன். கவர் பிரிக்காத ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரித்து மாமனார் கையில் திணித்தேன். கண்ணாடி போட மறந்திருந்த மனிதர் அப்படியே தலைவர் தோளில் போர்த்தினார். மடிப்பு விரிந்தது. கரை நெடுக மாமனார் கட்சிச் சின்னம்.

செல்போன்கள் உயர்ந்தன.

"எடுத்துருங்க தலைவரே" என்று எங்கள் ஆள் ஒருவர் காதில் சொன்னார். மாமனார் முகம் இறுகியது. உருவினால் வாசலில் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வைத்திருந்தால் கூட வந்தவர்களே அவரைக் கவிழ்த்துவிடுவார்கள். தலைவர் குனிந்து கரையைப் பார்த்தார்.

"துணி நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். டீயைக் குடித்துவிட்டு, கதவோரம் நின்ற மாமியாரிடம், "இஞ்சி தட்டிப் போட்டீங்களாம்மா? அருமையா இருக்கு. உங்க பேரு என்னங்க?" என்றார்.

"அலமேலுங்க."

சாயங்காலத்துக்குள் படம் ஊரெல்லாம் சுற்றியது. 'புதுத் தலைவர் கட்சி மாறினார்.' அவர் எப்படியோ சமாளித்துவிட்டார். என் பதவிதான் போனது.

தேர்தல் முடிந்து விழுப்புரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எங்க தெருவுல ஒரு ஓட்டுகூட உங்களுக்கு விழுந்திருக்காது மாப்ள" என்றார் மாமனார்.

குழம்பு ஊற்றிக்கொண்டே மாமியார் சொன்னார்: "நான் அந்தத் தம்பி கட்சிக்குத்தான் போட்டேன். இத்தினி வருசமா எத்தினியோ கட்சிக்காரங்க இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க. என் பேரைக் கேட்டது அவரு ஒருத்தர்தான்."

மாமனார் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "டீ நல்லாக்கீது அலமேலு" என்கிறார்.

எனக்குத்தான் பேர் போய்விட்டது. அந்த வீட்டில் நான் இன்றைக்கும் 'ஒத்த ஓட்டு மாப்பிள்ளை'.