தளபதி குனிந்த வாசல்

பழைய தெரு என்று ஒன்று இருக்கிற ஊரில் கட்டாயம் இப்படி ஒருவர் இருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போய், "இது என்னன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டு, யாராவது வாயைத் திறப்பதற்குள் தானே பதில் சொல்லிவிடுகிற வரலாற்று வழிகாட்டியைத்தான் சொல்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பாதகமில்லை, அவர் உங்களைப் பார்த்திருப்பார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்று, உங்களைத் தெருவில் இறங்கிப் போகச் சொல்லியிருப்பார்.

எனக்குத் தெரிந்தவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குடை சார். மூடிய கறுப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி போவார். மழை வந்தாலும் அதைத் திறக்க மாட்டார். திறந்துவிட்டால் ஊரிலிருக்கிற மற்ற குடைகளில் அதுவும் ஒன்றாகிவிடும், கடைசியில் வருகிற பிள்ளை வேறு யார் பின்னாலாவது போய்விடும் என்பது அவர் கட்சி. நடப்பதும் பின்பக்கமாகத்தான். பிள்ளைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே, மின்கம்பம், சாக்கடை மூடி, நிறுத்திவைத்த சைக்கிள் எதிலும் இடிக்காமல் இருபது வருடமாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார். வீட்டில் முன்பக்கமாக நடந்து கட்டில் காலில் இடித்துக்கொள்வதாக அவர் மனைவி சொல்கிறார்.

வரலாறு எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நிழலில்தான். வெயிலில் எந்த ராஜாவும் முடிசூட்டிக்கொண்டதில்லை, எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு முற்றுகையும், கழிப்பறை இருக்கிற மூலையில் ஒரு பெரிய தீ விபத்தும் குடை சாருடைய சுற்றுலாவில் தவறாமல் நடந்தேறும். "இங்கதான், சரியா நீ நிக்கிற இந்த இடத்துலதான்" என்பார். அந்த இடத்தில் நிற்கிற பிள்ளை பயந்து காலைத் தூக்கிக்கொள்ளும். மற்ற முப்பத்தேழும் அந்த இடத்தை எட்டிப் பார்க்கும். பின்னால் வருகிற ஆசிரியர் போனில் பேசிக்கொண்டிருப்பார்.

அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. தேதிகளில் முக்கால்வாசி சரி. கட்டிடங்களெல்லாம் நிஜமாகவே இருக்கின்றன. இடைவெளி வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பூசி விடுவார். பூசியது காய்ந்த பிறகு எது சுவர், எது பூச்சு என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். அங்கேதான் வந்தது வினை.

பழைய தெருவில் ஒரு தையல்கார அம்மாவின் வீடு இருக்கிறது. முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் குடும்பம். அந்த வீட்டு வாசல் சற்றுக் குள்ளம், அகலமும் கம்மி. நானே நாடா வைத்து அளந்தேன், ஐந்தடி இரண்டு அங்குலம். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் திடீர் மழையில் குடை சாரும் ஒரு பள்ளிக்கூடமும் அந்த வீட்டுத் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒதுங்கினார்கள். இருபது நிமிடம் மழை விடவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நெட்டையான ஒரு பெண், கதவு நிலையில் தலையை முட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். குடை சார் சிரிக்கவில்லை. "நீ மட்டுமா முட்டிக்கிட்ட? இதே இடத்துல ஒரு தளபதியும் முட்டிக்கிட்டான்" என்றார்.

மழை விடுவதற்குள் தளபதிக்கு ஒரு குதிரையும் மீசையும் வந்துவிட்டன. அடுத்த வாரச் சுற்றுலாவில் அந்த வீட்டில் ஒரு விதவை குடியேறினாள். ஊரைப் பிடித்த தளபதி தன் முன்னால் தலை குனிந்துதான் வரவேண்டும் என்று ஒரே இரவில் வாசலைச் சிறிதாக்கிக் கட்டியவள் அவள்தான். சுற்றுலா முடிவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கேள்வித்தாளில் அது ஏழாம் கேள்வியாக ஏறியது. தளபதி குனிந்த வாசலின் உயரம் எத்தனை அடி? முதல் வருடம் விடை ஐந்து. நாலாம் வருடம் நாலரை. தளபதி வளர வளர வாசல் தேய்ந்துகொண்டே வந்தது. ஒருமுறை ஏதோ ஒரு பள்ளியின் ஆண்டு மலரில் இந்தக் கதை அச்சாகி வந்தது. அன்றிலிருந்து குடை சார் அந்த மலரைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லல, புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்று காட்டிவந்தார்.

தையல்கார அம்மாவின் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். போன வருடம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். நாற்காலி அந்த வாசலில் நுழையாது. வெளியே போய்வர வேண்டுமென்றால் அம்மாவின் தம்பியும் எதிர்க்கடைப் பூட்டுக்காரரும் வந்து, அவரைத் துணி மூட்டை மாதிரி மடக்கித் தூக்க வேண்டும். ஊரெல்லாம் ஏணி போட்டு ஏறி இறங்கிய மனிதர், தன் வீட்டு வாசலைத் தாண்ட இரண்டு பேர் வரும்வரை காத்துக் கிடந்தார். பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டார். பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அம்மா வாசலை அகலப்படுத்த அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார். பழங்கட்டிடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தளபதி குனிந்த வாசல் வரலாற்றுச் சின்னம், அதில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அம்மா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே குடை சாரிடம் போனார்.

குடை சார் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வேன்! அரசாங்க முத்திரையோடு தளபதி. கடிதத்தை இரண்டாம் முறையும் படித்துவிட்டு, இதை ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எடுத்துக்கோங்கண்ணா" என்றார் அம்மா. "ஆனா அவரு வெளிய வரணும். எட்டு மாசமா தெருவைப் பாக்கல."

குடை சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மோசமான ஆளில்லை. இந்த இனத்தில் மோசமான ஆட்களே கிடையாது, அதுதான் தொல்லை. மறுநாள் காலையில் குடையை வீட்டில் வைத்துவிட்டு, முன்பக்கமாகவே நடந்து அந்த அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி அம்மாள் முன்னால் உட்கார்ந்து, தளபதி என்று யாருமே இல்லை, மழைக்கு ஒதுங்கியபோது நான் கட்டிய கதை அது என்று ஒப்புக்கொண்டார். இருபது வருடத் தொழிலில் அவர் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி அம்மாள் கோபப்படவில்லை. ஒரு தடித்த கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். பதினோரு வருட மாணவர் கட்டுரைகள், ஆண்டு மலர்கள், ஒரு கல்லூரி ஆய்வேடு. ஆய்வேட்டில் தளபதி வந்த தேதியே இருந்தது. வாசல் உயரம் நாலடி. எல்லாவற்றுக்கும் கீழே ஆதாரம்: உள்ளூர் நிபுணர் ஒருவர்.

"அந்த நிபுணர் நான்தாங்க" என்றார் குடை சார்.

"அப்ப நீங்களே சொல்லியிருக்கீங்களே" என்றார் அதிகாரி.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஒரு தனி ஆள் வந்து வாய்வார்த்தையாகச் சொல்வதை வைத்துக்கொண்டு இத்தனை ஆவணங்களைத் தள்ள முடியாது என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். புது ஆதாரம் வந்தால் பரிசீலிக்கலாம் என்றார். எந்த மாதிரி ஆதாரம் என்று கேட்டார் குடை சார். இதே மாதிரி என்று கோப்பைத் தட்டிக் காட்டினார் அதிகாரி.

உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, எடுபடவில்லை. அடுத்த திங்கட்கிழமை குடை மறுபடி உயர்ந்தது. தையல்கார அம்மா வீட்டைக் கண்டுகொள்ளாமல் பத்தடி தள்ளிப் போய், நகரசபைத் தண்ணீர்த் தொட்டி அறையின் பின்சுவருக்கு முன்னால் நின்றார். குழாய் பழுது பார்த்துப் பூசிய திட்டு ஒன்று அங்கே தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நாளா எல்லாரும் தப்பான வாசலைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தளபதி குனிந்த நிஜ வாசலை இந்தச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்றார். அந்தச் சுவர் கட்டிப் பதினாலு வருடம்தான் ஆகிறது. ஒருவரும் கேட்கவில்லை. ஏழாம் கேள்வி மாறியது.

நாலு மாதம், இருபத்தாறு பள்ளிக்கூடம். கட்டுரைகள் எழுதப்பட்டன, மதிப்பெண் போடப்பட்டன, மலர்கள் அச்சாயின. ஒரு பையன் சுவரில் காதை வைத்துக் கேட்டுக் குதிரைக் குளம்புச் சத்தம் வந்ததாக எழுதி முதல் பரிசு வாங்கினான். அலுவலகத்திலிருந்து தையல்கார அம்மாவுக்குப் புதுக் கடிதம் வந்தது. அண்மை ஆய்வுகளின்படி தங்கள் வாசலுக்கு எந்த வரலாறும் இல்லை, விருப்பம்போல் இடித்துக்கொள்ளலாம்.

இடித்தார்கள். நாற்காலி இடிபடாமல் வெளியே வந்த அன்று அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அழுதார். வீட்டுக்காரர் இப்போது காலையில் வாசலுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறார். பிள்ளைகள் வரிசையாக வரும்போது, குடை சார் வந்து சேரும்வரை பொறுக்காமல், சுவரைக் காட்டி அவரே ஆரம்பித்துவிடுகிறார். தளபதியின் குதிரை வெள்ளை என்பது அவர் சேர்த்தது.

நானும் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். நாலே அடி உயர வாசல் வழியாக ஒரு தளபதி குனிந்து வருவது என்றால் லேசா? கை சில்லென்று இருந்தது. ஐந்தடி இரண்டு அங்குலம் என்று நீயே அளந்ததாகச் சொன்னாயே என்கிறீர்களா? சொன்னேன்தான். ஆனால் கதைக்கு நாலடிதான் எடுப்பாக இருக்கிறது.

நீங்கள் ஒன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் குதிரை என்ன நிறம் என்று இப்போது உங்களைக் கேட்டால் யோசிக்காமல் வெள்ளை என்பீர்கள். இன்று சாயங்காலத்துக்குள் யாரிடமாவது இதைச் சொல்லவும் போகிறீர்கள், சொல்லும்போது வாசல் மூன்றரை அடிக்கு வந்திருக்கும். எதற்கும் ஒரு குடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறக்க வேண்டியதில்லை.