கோல்கீப்பரை அளக்கப் போனேன், பஜ்ஜி கொடுத்தார்கள்

அநியாயம் நடந்தது எனக்கு. நான் கேட்கவே கேட்காத ஒரு பையனை, எனக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

காலேஜ் ஐஸ் ரிங்க்கில் ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கொடுப்பது என் பார்ட் டைம் வேலை. அங்கே ஃபிராங்க் என்று ஒரு கிழவர் வருவார். ஐஸ் ஹாக்கி ஸ்கவுட். பெரிய டீம்கள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வருவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்த்து வைப்பவர்.

அந்த வருஷம் அவர் கண் எங்கள் கோல்கீப்பர் அரவிந்த் மேல். ஆறடி நாலு அங்குலம். அவன் வந்து நின்றால் பின்னால் இருக்கும் கோல் தெரியாது. ஆனால் பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எந்தப் பக்கம் வருகிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. "பச்சைக்காய். ஆனா பழுத்தா எங்கயோ போயிடுவான்" என்பது ஃபிராங்க்கின் கணிப்பு. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். டிராஃப்ட்டே கிடையாது.

சிக்கல் என்னவென்றால், பெற்றோரைப் பார்க்காமல் ஃபிராங்க் எந்தப் பையனையும் சிபாரிசு செய்ய மாட்டார். போன் செய்தால் அரவிந்தின் அம்மா, "நோ நோ, வி ஆர் ஹேப்பி வித் அவர் லாங் டிஸ்டன்ஸ்" என்று, ஏதோ போன் கம்பெனி விற்பனை ஆள் என நினைத்து வைத்துவிடுகிறாராம்.

"நீயும் இந்தியன், அவனும் இந்தியன். அவங்க வீட்டைத் தெரியுமா?" என்றார் ஃபிராங்க்.

எனக்கு வந்ததே கோபம்! அத்தனை கோடிப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்து வைத்திருப்போமா, இது எவ்வளவு மட்டமான எண்ணம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பாவம், மன்னிப்பெல்லாம் கேட்டார்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அரவிந்தா? ஈஸ்ட் பிரன்ஸ்விக் கோமதி பையன்டி! தமிழ்ச் சங்கத்துக்கு சாம்பார் பண்ணி எடுத்துட்டு வருவாளே!"

இதை ஃபிராங்க்கிடம் நான் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததாகச் சொன்னேன். அப்படியானால் முதலில் நீயே போய்ப் பேசி, பையனையும் அளந்துகொண்டு வா என்றார்.

"வீட்டுல ஹாக்கி விஷயம் சொல்லி வைடா" என்று அரவிந்திடம் சொன்னேன். "யா யா" என்றான். அவன் சொன்னது இவ்வளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது: காலேஜிலிருந்து ஒரு பெண் வருகிறாள், என்னைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

சனிக்கிழமை போனேன். கோமதி ஆன்ட்டி பட்டுப்புடவையில் கதவைத் திறந்தார். சண்முகம் அங்கிள் சட்டையை டக் இன் செய்துகொண்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் மூத்த தலைமுறை இவ்வளவு மரியாதை தெரிந்ததாக இருக்கிறதே என்று எனக்குப் பூரிப்பு.

"வா அம்மிணி, உக்காரு. பொங்கல் விழாவுல மேடையேறி அந்தச் சத்தம் போட்டது நீதான?"

நான்தான். பெண் பார்க்கும் வழக்கத்தை எதிர்த்து. ஒரு பெண்ணை நிற்க வைத்து, நடக்க வைத்து, உயரம் பார்ப்பதற்கு இதென்ன மாட்டுச் சந்தையா என்று கேட்டேன். நல்ல கைதட்டல்.

"நல்லாத்தான் பேசுன" என்று சொல்லி ஆன்ட்டி கேசரியும் பஜ்ஜியும் வைத்தார். பசி. வாங்கிக்கொண்டேன்.

ஃபிராங்க் சொல்லி அனுப்பிய கேள்விகளை ஆரம்பித்தேன்.

"அங்கிள், உங்க ஹைட் என்ன? உங்க அப்பா எப்படி?"

அங்கிள் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க தாத்தா வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு. பொள்ளாச்சிப் பக்கம் எங்க வம்சமே உசரம்!"

"குடும்பத்துல யாருக்காவது முட்டி வலி?"

"ஒரு நோவும் கெடையாது! வேணும்னா விசாரிச்சுக்க."

"பையன் கோவக்காரனா? ஒரு விஷயம் தோத்துப் போச்சுன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பானா?"

ஆன்ட்டி முந்திக்கொண்டார். "தங்கமான பையன் கண்ணு! நாம திட்டுனாக்கூட சுவத்தப் பாத்தாப்பல நிப்பான்."

கோல்கீப்பருக்கு இதைவிட நல்ல குணம் வேண்டுமா? சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"சரி, பையனை வரச் சொல்லுங்க. பாத்துடலாம்."

சத்தியமாக இப்படித்தான் சொன்னேன்.

அரவிந்த் மாடியிலிருந்து இறங்கி, வழியில் விளக்கில் தலையை இடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"கொஞ்சம் நட. திரும்பு. குனிஞ்சு எந்திரி." செய்தான். "கையை ரெண்டு பக்கமும் விரி." பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன்.

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏனுங், பாத்தீங்களா? இப்பவே அளவெடுக்குது! கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கவா அம்மிணி?"

"யார் கல்யாணத்துக்கு ஆன்ட்டி?"

"அம்மா! ஓ மை காட்!" என்றான் அரவிந்த்.

தொண்டையில் பஜ்ஜி நின்றது. ஒரு பெண் தானாக வீடு தேடி வந்து, பெரியவர்களின் உயரம் கேட்டு, நோய் நொடி கேட்டு, குணம் கேட்டு, பையனை நடக்க விட்டுப் பார்த்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? நான் மேடையில் திட்டிய அத்தனையையும், ஒன்று விடாமல், டேப்போடு வந்து செய்திருக்கிறேன்!

விஷயத்தைச் சொன்னேன். அங்கிள் முகம் மாறியது.

"ஹாக்கியா? அப்ப படிப்பு?"

வாதம் என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? டிராஃப்ட்டில் எடுத்தாலும் டிகிரியை முடிக்கலாம், டீம் காத்திருக்கும், இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வாசலே மூடிவிடும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அரவிந்த் கையை விரித்தபடியே நின்றிருந்தான். இறக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

"டாட், ப்ளீஸ்" என்றான். அவ்வளவுதான் அவன் வாதம்.

அங்கிள் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வெகுநேரம் ஆனது, தூரம் அப்படி. "சரி, அந்த ஃபிராங்க்கை வரச் சொல்லு" என்றார்.

ஆன்ட்டிதான் வருத்தப்பட்டார். "கேசரிக்கு முந்திரி வேற போட்டேனே!"

ஃபிராங்க் போனார். மிச்ச பஜ்ஜியெல்லாம் அவருக்கு. டிராஃப்ட்டில் கடைசிக்குச் சற்று முன்னால் அரவிந்த் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதற்குள் நான் பையன் பார்க்கப் போன செய்தி நியூ ஜெர்சி முழுக்கப் பரவிவிட்டது. என் அம்மா, நான் கத்தக் கத்த, கோமதி ஆன்ட்டிக்குப் போன் போட்டார். "ஏதோ தப்பா நடந்துபோச்சு. இருந்தாலும் உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்னு..."

மறுமுனையில் ஆன்ட்டியின் குரல் எனக்கே கேட்டது.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க. ஆனா இந்தப் பேச்சு பேசுதே, எங்க பையன் எத்தனையைத்தானுங்க தடுப்பான்?"