பத்தடிக்குள் கூப்பிடுவான்

நாற்பது ரூபாய்! மிக்ஸியின் விலையைப் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்ட பிறகு, பணம் கட்டப் போகிற கடைசி நொடியில், 'டெலிவரிக்கு நாற்பது' என்று செல்போனில் எட்டிப் பார்த்தது. சாலமோனுக்கு உச்சி முடி நட்டுக்கொண்டது.

"நானா அவன எங்கயோ குடோன்ல கொண்டுபோயி வைக்கச் சொன்னேன்? அவன் தூரமா வெச்சுக்கினதுக்கு நான் துட்டு குடுக்கணுமா?"

"குடுத்துத் தொலையேன்யா," என்றாள் முத்தம்மா. பழைய மிக்ஸி புகைந்து செத்து நாலு நாள். அவனுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குச் சோறு கட்டிவிட்டு, எட்டு மணிக்கு அவளும் பிளாஸ்டிக் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். "சட்னி இல்லாம எத்தினி நாளைக்கு இட்லிப் பொடியே துன்னுவே?"

"நீ சும்மா இரும்மே. பேரம்னா இன்னான்னு அவனுக்குக் காட்டறேன்."

சாலமோனுக்குப் பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. மீதியைச் சொல்லிக்கொடுத்தது கும்மிடிப்பூண்டி பஜார். சொன்ன விலைக்கு ஓர் ஊக்குகூட வாங்கியதில்லை. வித்தை ஒன்றே ஒன்றுதான். பொருளை எடுப்பான், தடவிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்கிக் கீழே வைப்பான், நடப்பான். பத்தடிக்குள் கடைக்காரன் "அண்ணே, வாண்ணே" என்பான். கல்யாணப் புடவையே அப்படி எடுத்ததுதான்.

அதையே செய்தான். மிக்ஸியைக் கார்ட்டில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, செல்லை மடியில் செருகினான். "கூப்பிடுவான் பாரு."

கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. இரும்பு மில்லில் உலைக்கு முன்னால் நின்று ஐந்து தடவை செல்லைப் பார்த்தான். உலையைவிட அவன் சூடாக இருந்தான்.

"வந்த கஸ்டமரு திரும்பிப் போறான், இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டானா? இவன்லாம் கடை வெச்சு உருப்படுவானா?"

மூன்றாம் நாள் கார்ட் காலியாகக் கிடந்தது. சாலமோன் சிரித்தான். "எனக்கே பூச்சாண்டியா! பொருள எடுத்து உள்ள வெச்சுட்டா நான் பதறிக்கினு ஓடியாருவேனாம்." மறுபடி மிக்ஸியைக் கார்ட்டில் போட்டான். மறுபடி விட்டுவிட்டு வந்தான்.

இப்படியே இரண்டு வாரம். சட்னி மட்டும் எப்படியோ தட்டுக்குத் திரும்பியிருந்தது. "பக்கத்துல கிறிஸ்டினா ஊட்டுல அரைச்சாந்தேன்," என்றாள் முத்தம்மா. பக்கத்து வீட்டில் மிக்ஸி கர்ரென்று கத்தும்போதெல்லாம் அவன் சுவரைப் பார்த்து இளித்தான். "புது மிக்ஸி சத்தம்மே இது. சொன்ன வெலைய அப்படியே குடுத்திருப்பா, ஏமாளி."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மிக்ஸி அவர்கள் சமையல் மேடையில் உட்கார்ந்திருந்தது.

"இது கிறிஸ்டினாதுதானே?"

"நம்முளுது."

"எப்ப வாங்கன?"

"நீ வுட்டுட்டு வந்தியே, அதுக்கு மறுநாளே. முந்நூறு ரூபா கம்மி, டெலிவரி சும்மான்னு மெசேஜ் வந்துது. வாங்கிட்டேன்."

"எனக்கு வரலியே!"

"எப்பிடி வரும்? கண்ட கம்பெனிக்காரனும் போன் பண்ணித் தொல்ல குடுப்பான்னு அதுல என் நம்பரத்தானே போட்டே?"

சாலமோன் போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது. "முந்நூறுதானா? இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா ஐந்நூறு கொறைச்சிருப்பான்மே! காரியத்தக் கெடுத்தியே! இப்பவே திருப்பி அனுப்பு!"

"நீ இப்பிடிச் சொல்லுவேன்னுதான் அங்க ஒளிச்சு வெச்சேன். திருப்பி அனுப்பற கெடு நேத்தோட முடிஞ்சுது."

"இந்த ஊட்டுல எனக்கு மரியாத இல்ல. நான் போறேன்!"

போனான். செருப்பையே மெதுவாகத்தான் மாட்டினான். படி இறங்கினான். ஏழாவது அடியில் நடை தளர்ந்தது. பத்தாவது அடியில் நின்று, மடித்திருந்த சட்டைக் கையை இன்னொரு தடவை மடித்தான். யாரும் கூப்பிடவில்லை. பதினொன்றாவது அடிக்குக் காலைத் தூக்கியபோது செல் கிணுகிணுத்தது. முத்தம்மாதான் அனுப்பியிருந்தாள்.

"இட்லியும் கடலச் சட்னியும் உனக்காகக் காத்துக்கினு கீது. அஞ்சு நிமிசந்தான். அப்பறம் கிறிஸ்டினாவுக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக, சாலமோன் பேரம் பேசாமல் திரும்பினான்.