வேல்ஸ் நூதனசாலையில் மாரி தரிசனம்

பெண் கேட்டுப் போகும் வீட்டில் எதை வேண்டுமானாலும் பேசலாம். நான் ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் வாய் விடக்கூடாது.

அப்போது நான் கண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதும் லிகிதர். சுகந்தியைக் கட்டிக்கொள்ள அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டியிருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், தீவிர முருக பக்தர். நான் மலையகத்துக் கடைக்காரரின் மகன். இந்த நிலத்தை அளக்கவே அவருக்கு விருப்பமில்லை.

அந்த நேரத்தில்தான் அம்பிட்டிய பஸ்ஸிலிருந்து ஒரு பெயர்ப்பலகையைக் கண்டேன்: 'வேல்ஸ் மரபுரிமை நூதனசாலையும் ஓவியக்கூடமும்'. வேல்கள் என்பதைத்தான் ஸ்டைலாக வேல்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். (வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பது எனக்குத் தெரியாது. புவியியல் பாடத்தில் நான் நன்றாகத் தூங்குவேன்.)

"பழைய வேலெல்லாம் சேத்து வச்சிருக்காங்க ஐயா. வாங்க, பாத்துட்டு வருவோம்," என்று பெண் கேட்டுப் போன அன்று அவரிடம் சொன்னேன்.

"ஓம், கட்டாயம் பாக்கவேணும்," என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்தார். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தேங்காய், பழம், கற்பூரத்தட்டு என் கையில். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம்.

உள்ளே வேல் ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்கத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் படங்கள், மழை பெய்யும் மலைகள், ஒரு அலுமாரி நிறையச் சித்திரவேலை செய்த மரக்கரண்டிகள்.

"வேல் எங்கை தம்பி?"

"உள்ளுக்கு இருக்கும் ஐயா."

சிங்களக் காவலாளி சிரித்தபடி உள்ளறையைக் காட்டினார். அரை இருட்டு. வெள்ளைத்துணி போர்த்திய ஏதோ ஒன்றின் கீழே 'மாரி லுவிட்' என்று எழுதியிருந்தது. பயத்தில் நான் மாரியை மட்டும்தான் வாசித்தேன்.

"பாருங்க ஐயா, மாரியம்மாவே இருக்காங்க."

தட்டைக் கீழே வைத்துவிட்டு, இருவரும் கைகூப்பிக் கண்ணை மூடினோம்.

டக் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், துணிக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, ரிப்பன் கட்டிய குதிரை மண்டையோடு ஒன்று, கண்ணாடிக் கண்ணால் எங்களை முறைத்தபடி வாயைத் திறந்து மூடியது. (வேல்ஸ்காரர்கள் வருடப்பிறப்புக்கு இதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடப்போவார்களாம். நாங்கள் கும்பிட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, துணிக்குள் புகுந்து கயிற்றை இழுத்தவர் அந்தக் காவலாளி. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.)

"முருகா" என்று ஒரு குரல். திரும்பினால் ஐயாவைக் காணோம். வாசலுக்கு வந்தால், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். எப்படியோ கையில் எடுத்துக்கொண்ட தட்டோடு நானும் பின்னால் ஓடினேன்.

பஸ் தரிப்பிடத்தில் வெறுங்காலோடு நின்றோம். செருப்பை எடுக்கத் திரும்பிப் போக இருவருக்கும் தைரியமில்லை. கல்யாணப் பேச்சு இதோடு முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூச்சு வாங்கியபடி அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "தம்பி, நான் ஓடினது வெளியிலை போகப்படாது. வீட்டு ஆக்களுக்குள்ளை இருக்கட்டும்."

"நான் வீட்டு ஆள் இல்லையே ஐயா."

அவர் தன் வெறுங்காலையும் என் வெறுங்காலையும் பார்த்தார். "இனி வீட்டு ஆள்தானே," என்றார்.

செருப்பு கோயிலில் தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னோம்.

கல்யாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு மாமாவே கதையை அவிழ்த்துவிட்டார். இப்போது குடும்பம் கூடினால் அதுதான் பேச்சு. குதிரை வாயைத் திறந்ததும் நான் அலறிக்கொண்டு ஓடினேனாம். அவர் அதற்குத் திருநீறு பூசிவிட்டு ஆற அமர நடந்து வந்தாராம். பிள்ளைகள் என் காதருகே வந்து டக் என்று கைதட்டிச் சிரிக்கும்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஆமா மாமா, நான்தான் ஓடினேன்," என்பேன். வீட்டு ஆள் அல்லவா.