வாரா வாரம் நிறம் மாறிய ரோஜா

சின்ன விஷயத்தைப் பெரிய வார்த்தையில் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதி ஒரு தடவை என் மூன்று வருட உழைப்பை வேரோடு பிடுங்கிப் போட்டது. வேரோடு என்பதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

எங்கள் தீவில், ஹேடோ துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டு. அப்பா அங்கே சூப்பர்வைசர். கப்பல் அடியில் சுரண்டிய பெயிண்டும் செத்த பேட்டரியும் கொட்டிக் கொட்டி, மண்ணில் செம்பும் ஈயமும் ஊறிப் போயிருந்தன. மரியாதையான செடி எதுவும் அங்கே பிழைக்காது. அருகம்புல் மட்டும் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்த மண்ணில் செத்தது போக மிஞ்சிய புல்லின் வாரிசுகள். விஷத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவிட்டு, இலைக்கு ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவற்றுக்கு இருந்தது. மூன்று வருடம் அதை இணுக்கு இணுக்காக அளந்தேன். (கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அந்தப் புல்லைக் காட்டித்தான் தப்பித்தேன்.)

கோயம்புத்தூரில் இருந்த ஒரு பேராசிரியை என் குறிப்புகளைப் படித்துவிட்டு, நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். பிடித்திருந்தால் ஆராய்ச்சி மாணவியாக எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் எனக்கு ஆயுசுக்கும் டியூஷன்தான்.

யார்டுக்குள் வர அனுமதி வேண்டும். "ஒரு மேடம் புல் பார்க்க வருகிறார்" என்று எழுதியிருந்தால் போதும். நான் எழுதினேன்: "மெயின்லேண்டிலிருந்து உயர்நிலை ஆய்வாளர், யார்டின் தாவர நிலையை நேரில் ஆய்வு செய்ய வருகை தருகிறார்." கையெழுத்தைக்கூடச் சாய்த்துப் போட்டேன். முதலாளி அதைப் படித்துப் பயந்துபோய், "பார்த்துக்கொள்" என்று அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மேடத்தை ஆட்டோவில் அழைத்துப்போனேன். கேட்டைத் தாண்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புல் இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. செம்மண் பரப்பி, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டு, நடுவே இரண்டு வரிசை ரோஜாச் செடி. வேறு யார்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பி போர்டைப் பார்த்தேன். அதே யார்டுதான்.

இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா ஓடி வந்தார். "நமஸ்தே மேடம்ஜி!"

"அப்பா, புல் எங்கப்பா?"

"அதையெல்லாம் புடுங்கியாச்சும்மா. நாலு ஆளு, ரெண்டு நாள் வேலை. ஏக்தம் சாஃப், ஒரு இணுக்கு மிச்சமில்ல!"

"ஐயோ, அதைப் பார்க்கத்தானே அவங்க வந்திருக்காங்க!"

"அவ்ளோ தூரம் பிளேன்ல வர்றவங்களுக்குக் களையவா காட்டுவே? நம்ம மானம் என்னாகுறது? ரோஜா பெரார்கஞ்ச் நர்சரிலேர்ந்து நானே போய் எடுத்தாந்தேன்."

"புடுங்கின புல்லு?"

"குப்பை லாரில அனுப்பிட்டேன்." குரலில் அவ்வளவு பெருமை.

புதுச் சேலையோடு செம்மண்ணில் உட்கார்ந்து அழுதேன். (உயர்நிலை ஆய்வாளர் முன்னால்.) மேடம் ஒரு ரோஜாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழாதம்மா. இந்த ரோஜா எத்தனை நாள் தாங்குதுன்னு பார்ப்போம். யாரும் எதையும் தொடாதீங்க. வாரா வாரம் ஒரு போட்டோ அனுப்பு. அப்புறம் முடிவு பண்றேன்."

நான்கு வாரம் அனுப்பினேன். ரோஜா சாகவே இல்லை. வாரத்துக்கு வாரம் செழித்தது. புல்லைத் தவிர எந்தச் செடியும் பிழைக்காது என்று நான் எழுதிவைத்த மண்ணில் ரோஜா சிரிக்கிறது என்றால், மூன்று வருடம் நான் அளந்தது என்ன? "என் கணிப்பு தவறு, மன்னிக்கவும்" என்று மேடத்துக்கு ஒரு மெயில்கூட எழுதிவிட்டேன். அனுப்புவதற்குள் அவரே போன் செய்தார்.

"உன் படத்தையெல்லாம் வரிசையா வச்சுப் பார்த்தேன். முதல் வாரம் சிவப்பு. ரெண்டாவது வாரம் மஞ்சள். அப்புறம் ரோஸ். இப்போ வெள்ளை. உங்க தீவு ரோஜா வாரா வாரம் சட்டை மாத்துமா?"

புல்லை மில்லிமீட்டரில் அளந்த மகாராணிக்கு ரோஜாவின் நிறம் தெரியவில்லை. யார்டுக்கு ஓடினேன். அப்பா குனிந்து ஒரு வெள்ளை ரோஜாவை நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் காய்ந்த ரோஜாக் குச்சிகள். ஒரு சாக்கு நிறைய பச்சைப் பசேலென்று அருகம்புல்.

"என்னப்பா பண்றீங்க?"

"நாலே நாள்ல கருகிடுதும்மா. மேடம் பார்த்தா உன்னை வேணாம்னு சொல்லிருவாங்களே. இந்தப் புல்லு வேற, தினம் காலைல புடுங்கறேன், மறுபடி தலையை நீட்டுது. முதுகே போச்சு."

மூன்று வருடம் நான் நிரூபிக்கப் பார்த்ததை மனிதர் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டு அப்பா கையில் கொடுத்தேன். எந்த ரோஜா என்றைக்குச் செத்தது, எத்தனை தடவை புல் முளைத்தது என்று குற்றவாளி மாதிரி ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என்னையும் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும் ஒரே கேள்விதான்: "ரோஜா மாத்திட்டியா?" பழைய சாம்பாரில் அம்மா புதிதாகத் தாளித்துக் கொட்டினால்கூட.

போன வாரம் என் மகள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, என் மீன் நேத்து கறுப்பால்ல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.