பீலித் தண்ணீர் அறிவித்தலுக்கு மை தெரிவான வரலாறு

பூமித்தாயை ஒரு சொட்டு மையால்கூடப் புண்படுத்தாத தேயிலைத் தோட்டம் உலகில் ஒன்றுதான் உண்டு. அது இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. அதன் ‘சுற்றாடல் உத்தியோகத்தர்’ அடியேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், பீலிக் குழாய்வழி வரும் குடிதண்ணீரில் மலக்கிருமி இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்தது. ‘இத்தண்ணீர் குடிக்க உகந்ததல்ல’ என்று அறிவித்தல் அச்சடிக்கும்படி தோட்ட நிர்வாகியான துரை உத்தரவிட்டார். எந்த மையில் அடிப்பது? உடனே கூட்டம் கூடினோம். தண்ணீர்த் தொட்டியைத் திருத்தலாமே என்று ஒருவர் உளறினார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

கூட்டத்துக்கு அழைத்திருந்த ஹட்டன் அச்சக முதலாளி ஃபாஸில், “சாதாரண மைன்னா நாளைக்கே அடிச்சுத் தந்துருவேன் சேர்” என்றார்.

துரை அதிர்ந்துபோனார். “அதுல பெற்றோலிய எண்ணெய் இருக்கே! மழையில ஊறி ஓடையில கலந்தா மீனுக்கு என்ன ஆகும்?”

மீனுக்காகச் சற்று மௌனம் காத்தோம்.

“அப்ப, தண்ணியில கலக்குற மை இருக்கு” என்றார் ஃபாஸில்.

“எந்தத் தண்ணியில?” என்று கேட்டார் துரை.

அந்த யோசனை கைவிடப்பட்டது.

முடிவில் சோயா எண்ணெய் மை ஏகமனதாகத் தெரிவானது. கொழும்பிலிருந்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. அச்சும் ஏறியது. ஆனால் ஹட்டன் ஈரத்தில் காய மறுத்தது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து பறிக்கும் சண்முகவடிவு தோட்ட அலுவலகமான கந்தோருக்கு வந்தாள். அவளுடைய கைக்குழந்தை சர்மிளா வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது.

“ஐயா, பீலித் தண்ணி குடிக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லிருங்க.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. மை காயட்டும்” என்றேன்.

“வாயால சொல்லக் கூடாதாங்கய்யா?”

பாவம், நிர்வாகம் அறியாதவள். வாய்வார்த்தை சுற்றாடலுக்கு எவ்வளவு இதமானதென்றாலும் கோப்பில் நிற்காதே!

மை காய்ந்தது. அதற்குள் அவளுடைய லயத்தில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி போய்வந்திருந்தார்கள். துரை நாடா வெட்டி அறிவித்தலைத் திறந்துவைத்தார். கைதட்டினோம். இளைத்துப்போன சர்மிளாவை இடுப்பில் வைத்தபடி சண்முகவடிவு அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப எதைங்கய்யா குடிக்கிறது?”

திறப்புவிழாவுக்கு வந்திருந்த ஃபாஸில் மிச்ச மை டின்னைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார். “சுத்தமான சாமான் சேர். பிள்ளைங்க வாயில பட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆய்வுகூடச் சான்றிதழே இருக்கு.”

எங்கள் தோட்டத்தில் அப்படிச் சான்றிதழ் பெற்ற திரவம் அது ஒன்றுதான்.