பி வரிசையில் ஒரு காலி இடம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, மகள் மூவரும் சுகம். இதே வரியைப் போன வாரம் எழுதியிருந்தால் அதில் முக்கால்வாசி பொய்யாக இருந்திருக்கும். அங்கே நீயும் குழந்தைகளும், மாப்பிள்ளையின் இடது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ தொலைபேசியில் மூன்று தடவை "என்னண்ணா, குரலே சரியில்லையே" என்று கேட்டாய். நான் "சளி" என்றேன். சளியெல்லாம் இல்லை. மகள் பக்கத்து அறையில் இருந்தாள், அவள் காதில் விழக்கூடாத விஷயம். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். என்னைத் திட்டலாம், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் மருமகள் நான்கு வருடமாக என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் "ரத்தத்துல ஏதோ கணக்கு" என்று சொல்லியே சமாளித்து வந்தேன். இந்தப் பதினோரு நாளில் பயத்திலேயே பாடம் முழுவதும் படித்துவிட்டேன், கேள். நம் உடம்பில் இருபதாயிரம் மரபணு இருக்கிறதாம், எல்லாம் நாலே எழுத்தை வைத்து எழுதியதாம். உனக்கு உரக்க வேலை செய்கிற மரபணு எனக்கு முணுமுணுக்கும். பல சமயம் அதற்குக் காரணம், அதன் பக்கத்தில் ஓர் எழுத்து உனக்கு ஒரு மாதிரியும் எனக்கு வேறு மாதிரியும் இருப்பது. எந்த இடத்து எழுத்து எந்த மரபணுவின் சத்தத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. நூற்றுத்தொண்ணூறு பேரிடம் ரத்தம் வாங்கி, ஆளுக்கு எழுத்துப் பட்டியல் ஒன்று, சத்தப் பட்டியல் ஒன்று எடுத்து, இரண்டையும் பொருத்திப் பார்க்கிறாள். லட்சக்கணக்கான எழுத்தை இருபதாயிரம் மரபணுவோடு பொருத்தினால் வெறும் அதிர்ஷ்டத்திலேயே ஆயிரக்கணக்கில் பொருந்தித் தொலைக்குமாம். அதனால் உயரத்தில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால்தான் நம்புவோம் என்று கறாராக இருக்கிறார்கள். அவள் நம்பியிருந்த மரபணு கோட்டுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது. ஐந்து வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கோட்டைத் தாண்டாவிட்டால் வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பி என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பெண் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், ஒரு வாய் போகாது.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். "இங்கயே இருங்கப்பா, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போனாள். மேசையில் ஒரு தட்டு இருந்தது. அதில் விரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டிக் குழாய்கள். ஓரத்தில் பார்த்தால் ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு இடம். முப்பத்தொரு வருடம் தியேட்டரில் டிக்கெட் கிழித்து ஆள் உட்கார வைத்தவன் நான், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். பால்கனியையே சுருக்கி மேசையில் வைத்தாற்போல் இருந்தது. எல்லா இடமும் நிறைந்திருக்க, பி வரிசையில் ஒன்பதாவது மட்டும் காலி. ஹவுஸ்ஃபுல் ஆகப்போகிற காட்சியில் நடு வரிசையில் ஒரு காலி இருக்கை இருந்தால் எனக்கு அன்றைக்குப் படமே ஓடாது, உனக்குத்தான் தெரியுமே. கை தானாகப் போனது. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, அடுத்த குழாயிலிருந்து கடைசிவரை எழுபத்தைந்தையும் ஒவ்வோர் இடம் முன்னால் நகர்த்திவிட்டேன். காலி இடம் கடைசி மூலைக்குப் போய்விட்டது, பார்க்க லட்சணமாக இருந்தது. மகள் வந்தாள், டப்பாவை வாங்கினாள், நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் காலையில் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொல்கிறாள், "ஆம்பளைன்னு பதிவான பத்துப் பேரோட ரத்தத்துல, பொம்பளைங்களுக்கு மட்டும் பேசுற மரபணு உரக்கப் பேசுதும்மா."

"பேசட்டுமே. யாராவது ஒருத்தர் பேசணுமில்ல" என்றாள் உன் அண்ணி.

"அம்மா, ஆள் மாறியிருக்கு. குழாய்ல பேர் கிடையாது, உக்காந்திருக்கிற இடம்தான் பேர். யாரோ இடம் மாத்தியிருக்காங்க."

அந்த யாரோ நான்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் காலி இடம் வேண்டுமென்றே விடுவதாம். ஒன்றுமில்லாத இடத்தில் இயந்திரம் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்கிறதா என்று சோதிக்க. அன்றிலிருந்து பதினோரு நாள் நான் பட்ட பாடு என் விரோதிக்கும் வேண்டாம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், அவள் முகத்தைப் பார்ப்பேன், "சளி" என்பேன். அவளோ அசரவில்லை. ஒருவருடைய எழுத்தை வைத்தே அவருக்கு எந்தெந்த மரபணு உரக்கப் பேச வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதை நூற்றுத்தொண்ணூறு பேர் சத்தத்தோடும் ஒப்பிட்டு, யாருக்கு யார் பொருத்தம் என்று பார்த்தாள். ஜாதகம் பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை. பதினோராவது நாள் ஓடி வந்து, "அப்பா, கண்டுபிடிச்சுட்டேன். ஒரு தட்டுல நடுவுல இருந்து எல்லாரும் ஒரு இடம் தள்ளி..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தாம்மா நகத்தினேன்" என்று சொல்லி அழுதே விட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "போனா போகுதுப்பா, எங்கேன்னு தெரிஞ்சா திருத்திடலாம்" என்றாள்.

பட்டியலில் எல்லோரையும் அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பினாள். மறுபடி கணக்குப் போட்டபோது, தங்கையே, அந்த மரபணு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே எழுந்து நின்றது. நான் அவளோடு பேராசிரியரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். தங்கமான மனிதர். எழுந்து தன் நாற்காலியையே எனக்குப் போட்டு, "பெரியவரே, தெரியாம செஞ்சது. வெளியாளுங்களை உள்ள விட்டது எங்க தப்பு" என்று தோளைத் தட்டினார். பார்வையாளர் எதையும் தொடக்கூடாது என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியும் விட்டார். அதைப் பார்த்தால் எனக்கு வெட்கம்தான், ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. மகள் இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். எனக்கு இது போதும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகள் படிப்பிலும் உயரத்திலும் வளர என் ஆசிகள். உனக்கு எப்போதும் போல என் பாதி உயிர்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: அத்தைக்கு ஒரு வரி எழுதுகிறேன் என்று மகள் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். "அப்பா, நீங்க கைவெச்சது பி ஒம்பதா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஜன்னலோரத் தட்டா?" ஆமாம். "அது புதுசா சேர்றவங்க பழகறதுக்கு வெச்சிருக்கிறதுப்பா. எல்லாத்துலயும் தண்ணி." நான் எழுபத்தைந்து பேருக்குப் பார்த்துப் பார்த்து இடம் கொடுத்தேனே, அத்தனையும் தண்ணீர். நிஜத்தில் மாறியது வேறு தட்டில், ஈ நான்கில் விட வேண்டிய காலி இடத்துக்கு அடுத்ததிலிருந்து, நாற்பத்து நான்கு பேர். அன்று நான் பாதியில் புகுந்து அழுததில் அவளும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்தத் தட்டை அடுக்கியது யார் என்று தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆண்டறிக்கைக்குப் புகைப்படம் எடுக்க வந்த அன்று, காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேராசிரியரே தன் கையால் அடுக்கியதாம். "சொல்லிடட்டுமாப்பா?" என்று கேட்டாள். எந்தக் குழாய் எந்த இடம் என்பதை ஆய்வேட்டில் சரியாகத் திருத்தி எழுதியாகிவிட்டது, யார் நகர்த்தினார் என்று அதில் ஒரு பத்தியும் கிடையாது. அவரோ என்னை மனதார மன்னித்துவிட்டார், இன்னும் மூன்று வாரத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் வேண்டாம் என்றேன். பதினோரு நாள் பயந்துகொண்டு சுமந்த பழியை இன்னும் மூன்று வாரம் நிம்மதியாகச் சுமக்கிறேன். அதுவரை யாராவது கேட்டால் நகர்த்தியது உன் அண்ணன்தான் என்றே சொல், மாப்பிள்ளையையும் அப்படியே சொல்லச் சொல்.